பின்னாலிருந்து அளக்கும் அலை

ஓவாஹு தீவின் வடகரையில் அலையின் உயரத்தைப் பின்னாலிருந்துதான் அளப்பார்கள். கரையில் நிற்பவர் கண்ணுக்கு நாற்பதடிச் சுவராக எழுந்து வருவதை உள்ளூர்க்காரர் அலட்டிக்கொள்ளாமல் இருபதடி என்பார். வீம்பு என்கிறார்கள் சிலர், பழைய அலைச்சறுக்குக்காரர்களின் பழக்கம் என்கிறார்கள் வேறு சிலர். எதுவானாலும், நேற்று இரவு விமானத்தில் வந்திறங்கிய சுற்றுலாப் பயணிக்கு இந்தக் கணக்கு தெரியாது. பக்கத்தில் யாரோ ‘ஆறடி’ என்று பேசிக்கொள்வது அவர் காதில் விழும். நம் உயரம்தானே என்று பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் கால் வைப்பார். அப்போது ஒலிபெருக்கியில் அவரைக் கூப்பிட்டு நிறுத்துவதற்காக, மஞ்சள் சட்டையும் சிவப்பு அரைக்கால் சட்டையும் போட்ட இருவர் மரக் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஹவாய்த் தீவுகளுக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். அங்கே விபத்தில் சாகும் பயணிகளில் அதிகம் பேரைக் கொண்டுபோவது நீரில் மூழ்குதல்தான். வாகன விபத்தெல்லாம் அதற்குப் பிறகு. இதைத் தெரிந்துகொண்டுதான் நான் போனேன். கோபுரத்தில் இருப்பவர்களின் வேலை எப்படிப்பட்டது, அதை அந்த ஊர் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது ஆசை.

ஹொனலுலுவில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் காரில் கூட்டிப்போனான். நகரத்தைத் தாண்டி, தீவின் நடுமேட்டில் ஏறி இறங்கினால் ஹலேயிவா ஊர் வரும். அங்கிருந்து சன்செட் கடற்கரை வரை ஏழு மைல். உலகத்தின் பெயர்பெற்ற அலைகளில் பாதி இந்த ஏழு மைலுக்குள் இருக்கிறது என்று அலைச்சறுக்குக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். கோடையில் இங்கே குழந்தைகள் மிதந்து விளையாடும் அளவுக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். குளிர்காலத்தில் வடபசிபிக்கில், அலாஸ்கா பக்கத்தில், புயல்கள் எழும்பும். அவை கிளப்பிவிட்ட அலைகள் ஆயிரக்கணக்கான மைல் தடையில்லாமல் ஓடிவந்து, ஆழத்திலிருந்து திடீரென்று மேலேறும் பாறைத் திட்டில் முட்டி எழும். நடுவில் வேகத்தைக் குறைக்க அகன்ற கண்டத்திட்டு இல்லை. “அண்ணே, கோடையில வந்து பாத்துட்டுப் போனவங்கதான் குளிர்காலத்துல ஏமாறுறாங்க” என்றான் தம்பி.

வைமேயா விரிகுடாவில் கோபுரத்துக்குக் கீழே நிற்க எனக்கு அனுமதி கிடைத்தது. நிபந்தனை ஒன்றுதான்: நான் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் பதில் சொல்பவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். பணியில் இருந்தவர்களில் ஒருவர் ஐம்பதைத் தாண்டியவர், வெயிலில் கறுத்து, கண்ணோரம் சுருங்கி, மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசியிருந்தார். மற்றவருக்கு இருபத்தைந்து இருக்கலாம். இளையவர் மூத்தவரை ‘அங்கிள்’ என்றே கூப்பிட்டார். சற்று நேரத்தில் என்னையும் ‘அங்கிள்’ ஆக்கிவிட்டார். ஹவாயில் வயதில் பெரியவர் எல்லாருமே அங்கிள், ஆன்ட்டிதான். நம்மூர்க் கடைத்தெருவில் எல்லாரும் அண்ணாச்சி ஆகிவிடுவதுபோல. அவர்களுடைய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியவில்லை, தம்பிதான் இடையில் நின்று உதவினான்.

மூத்தவரிடம் எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். “தலை” என்றார். தண்ணீரில் தலை எப்படி நிற்கிறது, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, முடி கண்ணில் விழுந்தால் ஒதுக்கிவிடுகிறாரா இல்லையா. நீந்துகிறவர் ஒதுக்கிவிடுவார். மூழ்கிக்கொண்டிருப்பவருக்கு அதற்குக் கை கிடையாது.

இதை முதலில் முறையாகப் பதிவுசெய்தவரும் ஓர் உயிர்காப்பாளர்தான். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் வேலை பார்த்த ஃபிராங்க் பியா, 1970 வாக்கில், உண்மையிலேயே மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றுவதைப் படம் பிடிக்க ஏற்பாடு செய்தார். படச்சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில், அதுவரை எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தது பொய் என்று தெரிந்தது. மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவதில்லை. வாய் நீருக்கு மேலே வரும் நொடியில் மூச்சை இழுக்கத்தான் நேரம் இருக்கிறது, குரல் கொடுக்க இல்லை. கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து நீரை அமுக்குகின்றன. உடம்பு செங்குத்தாக நிற்கிறது, கால் உதைப்பதில்லை. இந்த நிலை 20 முதல் 60 நொடி வரைதான். அதற்குப் பிறகு தலை மேலே வராது. அவருக்கு மூன்றடி தள்ளி நிற்பவர், ஆள் ஏணியில் ஏற முயல்கிறார் என்றோ விளையாடுகிறார் என்றோ நினைத்துக்கொள்வார்.

அடுத்த பாடம் தண்ணீருடையது. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் எங்கேயாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் கண்ட இடத்தில் அது ஆறாகக் கடலுக்குள் ஓடும். இந்த இழுப்பு நீரோட்டம் சில நேரம் நொடிக்கு எட்டடி வேகம் போகும். ஒலிம்பிக் வீரர்கூட அதை எதிர்த்து நீந்த முடியாது. கொடுமை என்னவென்றால், அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை பொங்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அடக்கமாகத் தெரியும். கடல் தெரியாதவர் பாதுகாப்பான இடம் என்று அதைத்தான் தேர்ந்தெடுப்பார். “நான் அந்த வழியாத்தான் உள்ள போவேன்” என்றார் இளையவர். நீந்துகிறவரை இழுத்துப்போகும் ஓட்டமே, காப்பாற்றப் போகிறவரைச் சீக்கிரம் கொண்டுசேர்க்கிறது. வைமேயாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மழைக்குப் பிறகு ஆற்றின் முகத்துவாரத்தில் மணல் மேடு உடைந்து, ஆறு கடலுக்குள் பாயத் தொடங்கினால் ஓட்டங்கள் எல்லாம் இடம் மாறிவிடும். நேற்றைய கடலை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று காவல் காக்க முடியாது.

நான் கேள்வி கேட்டுக்கொண்டே கோபுரத்தின் இடது பக்கமாக நகர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. “அங்கிள், ஒரு எட்டு பின்னால வாங்க, அந்தத் தண்ணி மறையுது” என்றார் இளையவர். பியா தன் ஆய்வில் சொன்ன இன்னொரு விஷயம் நினைவுக்கு வந்தது. காவலில் இருப்பவரைத் தோற்கடிப்பவை மூன்று. மூழ்குவதை மூழ்குவதாக இனம் காணாமை ஒன்று. காவலோடு சேர்த்துத் தலையில் கட்டிய மற்ற வேலைகள் இன்னொன்று. கவனத்தைத் திருப்பும் பேச்சு மூன்றாவது. நான் அந்த மூன்றாவது.

அன்றைக்கு அலை நடுத்தரம்தான். உள்ளூர்க் கணக்கில் நான்கைந்து அடி. ஆனால் வைமேயாவில் கரை செங்குத்தான சரிவாக இறங்குவதால், அலை தள்ளி உடையாமல் கரையிலேயே மடிந்து விழுகிறது. விழுந்த நீர் திரும்பும்போது முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்பவரின் காலடி மணலை உருவிக்கொண்டு போகிறது. அப்படி நின்றது ஒரு குடும்பம்: கணவன், மனைவி, பள்ளி வயதுப் பிள்ளை ஒன்று. மனைவி செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கணவர் கடலுக்கு முதுகைக் காட்டிச் சிரித்தபடி நின்றார். இளையவர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். “நீலத் தொப்பி போட்டவரே, கடலுக்கு முதுகைக் காட்டாதீங்க, கொஞ்சம் மேல வாங்க.” கணவர் கையை உயர்த்தி நன்றி சொன்னார், நகரவில்லை.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்தது என் பக்கத்தில் ஏணிப்படியில் காலடிச் சத்தம். இளையவர் சிவப்பு மிதவையின் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரப்பர் துடுப்புகளைக் கையில் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்தார். கடலைப் பார்த்தேன். தொப்பி ஒரு பக்கம் மிதந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு தலை, அண்ணாந்த வாய், கரையைப் பார்த்தபடி. மனைவி இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இளையவர் விளிம்பில் நின்றுவிட்டார். எனக்குப் பதைத்தது. ஏன் குதிக்காமல் நிற்கிறார்? மூத்தவர் எழுந்து நின்று வானொலியில் ஏதோ சொல்லிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “மூணு அலை பெருசா வருது. அது போனதும் போவான்.” மூன்றாவது மடிந்து விழுந்து, நுரை பின்வாங்கும்போது அதோடு சேர்ந்து வழுக்கி உள்ளே போனார். மிதவையை முதலில் தள்ளினார், தன் உடம்பைத் தள்ளியே வைத்துக்கொண்டார். மூழ்குகிறவர் கையில் எது கிடைத்தாலும் ஏறப் பார்ப்பார், அது காப்பாற்ற வந்தவரின் கழுத்தாகவும் இருக்கும். மிதவையை மூழ்கியவரின் மார்போடு பூட்டியதும் உடனே கரைக்கு இழுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வெளியே, அலை உடையும் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோனார். அடுத்த அமைதிக்குக் காத்திருந்து, பிறகுதான் உள்ளே வந்தார்.

கரையேறியவர் இருமினார். “நான் நல்லாத்தான் இருந்தேன்” என்றார். மூத்தவர் அவரைக் கோபுர நிழலில் உட்காரவைத்து மூச்சைக் கவனித்தார். தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் அரைமணி ஒருமணி கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம், இருமல் நிற்கவில்லையென்றால் மருத்துவமனைக்குப் போங்கள் என்று மனைவியிடம் சொன்னார். மனைவிக்கு நடந்தது அப்போதுதான் உறைத்தது. அவர் அழ ஆரம்பித்ததும் கணவருக்குக் கூச்சமாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் சாமான்களை அள்ளிக்கொண்டு காரை நோக்கிப் போய்விட்டார்கள்.

நம் கடலோரக் கிராமங்களில் சுற்றுலா வந்த பையன் அலையில் போனால் குதித்துத் தூக்குபவர் பெரும்பாலும் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவராகத்தான் இருப்பார். அவரை எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது. அமெரிக்காவில் பதிவேடு இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதில்தான் தகராறு. அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் தொழில் வகைப்பாட்டில் உயிர்காப்பாளர்களும் பனிச்சறுக்குக் காவலர்களும் ‘பொழுதுபோக்குப் பாதுகாப்புப் பணியாளர்’ என்று ஒரே வரியில் வருகிறார்கள். 2003இல் அதிபர் பிறப்பித்த உள்நாட்டுப் பாதுகாப்பு உத்தரவொன்று, ஒரு சம்பவத்தின் தொடக்கக் கட்டத்தில் உயிரையும் உடைமையையும் காக்கும் பொறுப்புள்ளவர்களை அவசர மீட்புப் பணியாளர்கள் என்றது. அந்த அளவுகோலுக்கு வைமேயாவின் இளையவர் தாராளமாகப் பொருந்துவார். ஆனால் ஓய்வூதியம், இழப்பீடு, மனநல சிகிச்சைச் செலவு எல்லாம் மாநிலச் சட்டங்களில் இருக்கின்றன. அங்கே பெயர்ப் பட்டியல்தான் பேசும். ஃபுளோரிடாவில், பணியில் கண்ட கொடுமையால் மனம் பாதிக்கப்படும் அவசரப் பணியாளர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 2018இல் வந்தது. அது எடுத்துக்கொண்ட வரையறையில் இருப்பவர்கள் போலீஸ், தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளர். நீளமான கடற்கரையால் பிழைக்கும் மாநிலம் அது. கலிஃபோர்னியா கொஞ்சம் பரவாயில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் கடற்கரை உயிர்காப்பாளர்கள் 1994 முதல் தீயணைப்புத் துறையின் அங்கம். உயிர்காப்பாளருக்குத் தோல் புற்றுநோய் வந்தால் அது தொழிலால் வந்தது என்றே கொள்ள வேண்டும் என்று அம்மாநிலத் தொழிலாளர் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. மூத்தவரின் மூக்கில் இருந்த வெள்ளைக் களிம்பை நினைத்துக்கொண்டேன்.

ஹொனலுலுவில் உயிர்காப்பாளர்கள் பல காலம் பூங்காத் துறையில் இருந்தார்கள். புல் வெட்டுவது, கழிப்பறை பராமரிப்பது, டென்னிஸ் மைதானத்துக்குக் கோடு போடுவது எல்லாவற்றோடும் கடலில் ஆளைத் தூக்குவதும் ஒரு வேலை. பிறகு ஆம்புலன்ஸோடு சேர்த்து அவசர சேவைத் துறைக்கு மாற்றினார்கள். 2024 ஜூலை 1 அன்று, மேயர் ரிக் பிளாங்கியார்டி காலத்தில், கடல் பாதுகாப்புக்கென்று தனித் துறை பிறந்தது. அந்த ஆண்டு நவம்பரில் மக்கள் வாக்களித்து அதை நகரச் சாசனத்திலேயே சேர்த்தார்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் நான்காவது நாற்காலி. இதனால் என்ன மாறியது என்று மூத்தவரைக் கேட்டேன். “கடல் மாறல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “முன்னெல்லாம் எங்களுக்கு ஒரு ஜெட் ஸ்கி வேணும்னா இன்னொருத்தர் போய்க் கேக்கணும். இப்ப நாங்களே போய் உக்காந்து கேக்கறோம்” என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த ஜெட் ஸ்கிக்கே ஒரு கதை இருக்கிறது. தீவின் மேற்குக் கரையில் மக்காஹாவில் உயிர்காப்பாளராக இருந்த பஃபலோ கேயாவுலானாவின் மகன் பிரையன் கேயாவுலானா. அவரும் டெரி ஆஹூவே முதலான சகாக்களும் பொழுதுபோக்குக்கு ஓட்டும் ஜெட் ஸ்கியை மீட்பு வாகனமாக மாற்றினார்கள். ஓட்டுபவர் பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டால் வண்டி கவிழும், கையைப் பிடித்து இழுத்தால் நழுவும். அதனால் வண்டியின் பின்புறம் கைப்பிடிகளோடு ஒரு தட்டையான நுரைப் படுகையைக் கட்டினார்கள். நினைவிழந்தவரைக்கூட ஒரே வீச்சில் அதன்மேல் இழுத்துப் போட்டு, அடுத்த அலை தலையில் விழுவதற்குள் பறந்துவிடலாம். இன்று பெரிய அலை வரும் கரைகளில் உலகமெங்கும் இந்த முறைதான். அதற்கும் முன்னால், 1925 ஜூனில், கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் கடலில் தெல்மா என்ற படகு கவிழ்ந்தபோது, ஹவாயின் ஒலிம்பிக் நீச்சல் வீரர் டியூக் கஹனமோகு தன் அலைச்சறுக்குப் பலகையில் போய் எட்டுப் பேரைத் தூக்கிவந்தார். மீட்புக்குப் பலகை என்பது அதற்குப் பிறகு பரவியது. எந்த ஆய்வுக்கூடமும் அல்ல, தண்ணீரில் கிடந்தவர்கள் கண்டுபிடித்த கருவிகள் இவை. இளையவர் தன் பலகையை எனக்குக் காட்டினார். சறுக்கும் பலகையைவிட நீளமும் அகலமும் அதிகம், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கயிறு. மார்பு வைக்கும் இடத்தில் மெழுகு தேய்ந்து, துணிபோலச் சொரசொரத்திருந்தது. தினமும் காலையில் அங்கே புதிதாக மெழுகு தேய்ப்பது அவர் வேலை. ஈரத்தில் வழுக்கினால் ஆள் போய்விடுவார்.

வைமேயாவில் எடி ஐகாவ் பெயரைக் கேட்காமல் திரும்ப முடியாது. 1968இல் நகர நிர்வாகம் வடகரைக்கு நியமித்த முதல் உயிர்காப்பாளர். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியவர் என்கிறார்கள். அவர் காவலில் இருந்தபோது வைமேயாவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை என்பதும் அங்கே எல்லாரும் சொல்வது. 1978 மார்ச்சில், பழைய பாலினீசிய முறையில் கட்டிய ஹோக்குலேயா என்ற பாய்மரப் படகில் போனார். மொலோகாய் கால்வாயில் இரவில் படகு கவிழ்ந்தது. உதவி கொண்டுவருகிறேன் என்று தன் பலகையில் லானாய் தீவை நோக்கித் துடுப்புப் போட்டுப் போனவர் திரும்பவில்லை. மற்றவர்களைப் பிறகு மீட்டுவிட்டார்கள். அவர் பெயரில் நடக்கும் போட்டி, உள்ளூர்க் கணக்கில் இருபதடி அலை வந்தால்தான் நடக்கும். அதனால் பல ஆண்டுகள் நடக்காமலே போகும். 2023 ஜனவரி 22 அன்று நடந்தபோது வென்றவர் லூக் ஷெப்பர்ட்ஸன். அன்றைக்கு அவருக்கு அதே கடற்கரையில் உயிர்காப்பாளர் பணி. இடைவேளை எடுத்துக்கொண்டு அலையேறினார், இறங்கிவந்து மறுபடி கோபுரத்துக்குப் போனார்.

எடியின் துணிச்சலைச் சொல்லும் வாசகம் ஹவாய் முழுக்கக் கார்களின் பின்புறம் ஒட்டியிருக்கிறது. அந்த ஒட்டுத்தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சின்ன எரிச்சல். வீரனாகக் கொண்டாடுவதற்குச் செலவில்லை. பாய்ந்து போனவரைப் பாட்டாகவும் படமாகவும் ஆக்கிவிடலாம், ‘பேவாட்ச்’ என்ற உயிர்காப்பாளர் தொடர் உலகமெங்கும் ஓடியது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கிரெகரி பொனானும் லாஸ் ஏஞ்சலிஸின் உயிர்காப்பாளர்தான் என்பது வேறு கதை. பாயாமலே நாளெல்லாம் உட்கார்ந்து, ‘நீலத் தொப்பி, மேலே வாங்க’ என்று கத்தும் ஆளுக்கு ஒட்டுத்தாள் அடிக்க யாரும் இல்லை. போலீஸும் தீயணைப்பும் அழைப்பு வந்த பிறகு கிளம்புகிறவர்கள். கோபுரத்தில் இருப்பவர் அழைப்பு வருவதற்கு முன்பே அங்கே இருக்கிறார், பல நேரம் அழைப்பே வராமல் செய்கிறார். அப்படி வராமல்போன அழைப்புக்கு நிதிநிலை அறிக்கையில் எந்தத் தலைப்பும் கிடையாது. அவருக்கு அங்கீகாரம் கிடைக்கத் தாமதமானதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வேலையின் மருத்துவப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். வைமேயாவிலும் தென்கிழக்கே உள்ள சாண்டி கடற்கரையிலும் கரையில் மடியும் அலை ஆளைத் தலைகீழாக மணலில் குத்திவிடும். கழுத்தெலும்பு போய்விடும். அப்படி ஒருவரை, அலை மாறிமாறி அடிக்கும் இடத்தில், தலையும் முதுகும் ஒரே கோட்டில் அசையாமல் பலகைக்கு மாற்றி மேலே கொண்டுவருவது ஆஸ்பத்திரி வாசலில் செய்யும் வேலையைவிடப் பல மடங்கு கடினம். மூழ்கியவரின் இதயம் நிற்பது மூச்சுக் காற்று இல்லாமல்தான். அதனால் மார்பை அமுக்குவது மட்டும் போதாது, முதலில் மூச்சு ஊத வேண்டும். வாயில் பொங்கும் நுரையைத் துடைத்துக்கொண்டே இருந்தால் நேரம் போய்விடும், நுரையோடு சேர்த்தே ஊத வேண்டும். மூத்தவர் இதைச் சொல்லும்போது குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லை.

அலையே இல்லாத இடத்திலும் சாவு உண்டு. ஹனவுமா விரிகுடா போன்ற அடங்கிய நீரில், முகமூடியும் மூச்சுக் குழாயும் மாட்டி மீன் பார்க்கிறவர்கள் முகம் கவிழ்ந்தபடி சத்தமில்லாமல் செத்துப்போகிறார்கள். மாநில அரசு நிதியளித்த ஆய்வொன்று, இவர்களில் பலர் தண்ணீர் குடித்துச் சாகவில்லை என்றது. குழாய் வழியே சிரமப்பட்டு மூச்சை இழுக்கும்போது நுரையீரலுக்குள் உடம்பின் நீரே கசிந்து நிறைந்துவிடுகிறது. இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். கையை ஆட்டுவதும் இல்லை, நிமிர்வதும் இல்லை. மீனை ரசித்து அசையாமல் மிதப்பவருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். “துடுப்பு” என்றார் இளையவர். ரசிப்பவரின் கால் துடுப்பு கொஞ்சமாவது அசையும்.

தப்பவிட்டவர்களைப் பற்றி நான் கேட்கவில்லை. மூத்தவர் தாமாகவே ஒன்று சொன்னார். காப்பாற்ற முடியாத நாளின் மறுநாள் காலையில் அதே கோபுரத்தைத் திறக்க வேண்டும், அதே தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பழகாதது. தீயணைப்பு வீரர் எரிந்த வீட்டுக்குத் தினமும் வேலைக்குப் போவதில்லை. சில நாளில் போவது சகாவே. தனித் துறை தொடங்குவதற்கு எட்டு நாள் முன்பு, 2024 ஜூன் 23 அன்று, டமாயோ பெரி சுறா கடித்து இறந்தார். வடகரையின் பைப்லைன் என்ற அலையில் பெயர்பெற்றவர், திரைப்படங்களில் நடித்தவர், ஹொனலுலு நகரத்தின் உயிர்காப்பாளர். அலையேறிக்கொண்டிருந்தபோது நடந்தது அது. அவர் உடலைக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் அவருடைய சகாக்கள்.

இந்த வேலைக்கு நுழைவுத் தேர்வு உண்டு. 1,000 கெஜம் ஓடி, நிற்காமல் 1,000 கெஜம் நீந்தி, இரண்டையும் 25 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். மீட்புப் பலகையில் 400 கெஜத்தை 4 நிமிடத்தில் கடக்க வேண்டும். நூறு ஓட்டம், நூறு நீச்சல், நூறு ஓட்டம், 3 நிமிடத்துக்குள். “இது சுலபம், அங்கிள். உக்காந்திருக்கறதுதான் கஷ்டம்” என்றார் இளையவர்.

வெயில் இறங்கத் தொடங்கியதும் மூத்தவர் அன்றைய பதிவை எழுத எடுத்தார். கடற்கரையில் எத்தனை பேர், முதலுதவி, மீட்பு, தடுப்பு நடவடிக்கை என்று கட்டங்கள். ஒலிபெருக்கியில் கூப்பிட்டது, கீழே இறங்கிப் போய்ப் பேசி நிறுத்தியது எல்லாம் தடுப்பு நடவடிக்கை. அந்தக் கட்டத்தில் எழுதிய எண்தான் மற்றவற்றைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. நீலத் தொப்பிக்காரரை எதில் போடுவது என்று இருவருக்கும் சின்ன வாக்குவாதம். இளையவர் மீட்பு என்றார். தலை இரண்டு முறை உள்ளே போய்விட்டது, தான் எண்ணியதாகச் சொன்னார். மூத்தவர், கரையிலிருந்து அவ்வளவு தூரம் இல்லையே, ஆம்புலன்ஸும் வரவில்லையே என்று யோசித்தார். கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று முழுக்க அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க பாத்துட்டுத்தானே இருந்தீங்க? தலை உள்ள போச்சா?”

நான் தொப்பியைத்தான் பார்த்தேன் என்றேன். அவர் ‘மீட்பு’ கட்டத்தில் ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டு, ஒலிபெருக்கியை எடுத்து, கோபுரம் மூடும் நேரம் ஆகிவிட்டது, தண்ணீரில் இருப்பவர்கள் வெளியே வாருங்கள் என்று அறிவிக்கத் தொடங்கினார்.